பக்கவிளைவு மண்டகப்படி

ஆவுடையப்பன் அண்ணாச்சி திருநெல்வேலிக்குப் போய்க் கரண்டு வைத்துக்கொண்டு வர, அதன் பக்கவிளைவு எதிர்வீட்டு ஹெட்மாஸ்டருக்கு வந்த வருசம், எங்கள் முத்தாலம்மன் கோயில் தெருவில் மழைக்குக் குறைவில்லை, மாங்காய்க்குக் குறைவில்லை, நாலு கல்யாணம் நடந்தது, ஒரு காதுகுத்து நடந்தது, முனிசிபாலிட்டிக்காரன்கூட ஒருநாள் வந்து சாக்கடையைத் தோண்டிவிட்டுப் போனான், ஆகையால் அது கெட்ட காலம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான் தெருமுக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற உலகம்மாள். ஊரில் யாருக்குப் பட்டா மாறுகிறது, யார் வீட்டு ஜாதகம் எத்தனை பேர் கைக்குப் போகிறது, யார் ஆதாரில் ரெண்டு வயசைக் குறைத்திருக்கிறார்கள், எல்லாம் என் மெஷின் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்துதான் போகவேண்டும். ஆனாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். இந்த ஒரு விசயத்தில் மட்டும் திறந்தேன், அதற்காக எனக்கு வருத்தமும் கிடையாது.

அண்ணாச்சி முப்பத்தொரு வருசம் தென்காசி – திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆம்பளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், அப்படி ஒன்று தன்னிடம் இருக்கிறது என்பதே அறுபத்தேழு வயசுவரை அவருக்குத் தெரியாது, தெரிந்தபோது அதில் புற்று வந்திருந்தது. வந்ததுதான் வந்தது, வெளியே சொல்லக்கூடிய இடத்திலாவது வந்ததா? மனுசனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கிட்னியில் கல் என்று தெருவில் சொல்லி வைத்தார். திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் ஒரு தடவை, மொத்தம் முப்பத்தேழு நாள் கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்டு, வைக்கவேண்டும், ஒவ்வொரு நாளும் அரை லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூத்திரப்பை நிறைய அடக்கிக்கொண்டு மெஷினில் படுக்கவேண்டும், அப்போதுதான் கரண்டு பட வேண்டிய இடத்தில் மட்டும் படும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மூத்திரத்தை அடக்குவது எப்படி என்று ஒரு கண்டக்டருக்கு எந்த டாக்டரும் பாடம் எடுக்க வேண்டாம், திருநெல்வேலிக்குச் சற்று முன்னால் பேட்டை தாண்டும்போது குடித்தால் படுக்கையில் ஏறும்போது கணக்காக இருக்கும் என்று முதல்நாளே கண்டுபிடித்துவிட்டார்.

தண்ணீர்தான் விசயம். கண்டக்டர்மார் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோகிற வழக்கம் கிடையாது. பஸ் நிற்கிற இடத்தில் ஜன்னல் வழியாகக் காலி பாட்டிலை நீட்டினால், ஆலங்குளத்தில் டீக்கடைக்காரரோ பாவூர்சத்திரத்தில் பூக்காரியோ நிரப்பித் தருவார்கள். ரிட்டயர் ஆனபிறகும் அண்ணாச்சி கை அப்படியே நீண்டுகொண்டிருந்தது. காலை ஆறே முக்காலுக்குக் காலி பாட்டிலோடு படியிறங்குவார், பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் யார் வாசலில் நிற்கிறார்களோ அவர்களிடம் நீட்டுவார், அவர்கள் நிரப்பித் தருவார்கள், வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். வீட்டிலோ கேட்கவே வேண்டாம். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருசத்தில் அடுக்களையில் தண்ணீர்ப்பானை எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்திராத மகராசன், “கோமதி” என்று ஒரு சத்தம் கொடுத்தால் செம்பு தானாக வந்து கையில் உட்காரும்.

முதல் பத்து நாள் ஒன்றுமில்லை. பதினோராம் நாள் ஹெட்மாஸ்டர் ஆறுமுகநயினார், மனைவி போனபிறகு தனியாக இருந்துகொண்டு தெருவுக்கெல்லாம் ஒழுக்கம் போதிக்கிற மனுசர், நூலகக் கட்டடத்தில் நேரந்தவறாமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், “ஆகவே அன்பர்களே” என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினார், திரும்பி வந்தார், “ஆகவே” என்றார், மறுபடியும் ஓடினார், மத்தியானத்துக்குள் பதினேழு தடவை ஓடி, அந்தப் பேச்சு இன்றுவரை முடியவில்லை. மறுநாள் டெய்லர் மைதீன் பிச்சை பாய், கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே மெஷின்மேல் தலையைச் சாய்த்து மூன்று நாள் தூங்கினார், எழுப்பினால் சோர்வாக இருக்கிறது என்று சொல்ல மட்டும் கண்ணைத் திறந்தார். தோசைக்கடை செல்லக்கனிக்கு வயிறு கழன்றுகொண்டது, கல்லில் மாவை ஊற்றிவிட்டுப் போவாள், வருவதற்குள் கருகியிருக்கும். எனக்கு எரிச்சல் வந்தது. எங்கே, எப்படி என்றெல்லாம் விளக்கிச் சொல்ல நான் தயாராக இல்லை, குத்தவைத்தால் கண்ணில் தீப்பொறி பறந்தது என்பதோடு விட்டுவிடுங்கள்.

முனிசிபாலிட்டித் தொட்டியில் எலி செத்துக் கிடக்கிறது என்றார்கள். தொட்டியை இறக்கிக் கழுவினார்கள், எலி இல்லை. தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், கோலம் போடவேண்டிய வேலை மிச்சமானது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, பாவம் சின்னப்பிள்ளை, எங்கள் நாலு பேர் மூத்திரத்தையும் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தது. ஏற்கெனவே இருபது தடவை ஓடுகிறவனைப் பார்த்து நிறையத் தண்ணீர் குடி என்றால் அவன் என்ன செய்வான்?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கோமதி மதினி, அண்ணாச்சியின் வீட்டுக்காரி, முந்தானைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள்.

“உலகு, இத ஒரு காப்பி எடு. கோயம்புத்தூர்ல மகளுக்கு அனுப்பணும். படிக்காதட்டி.”

படிக்காதே என்று சொல்லிக் கொடுத்த காகிதத்தைப் படிக்காமல் விட நான் என்ன மரக்கட்டையா? ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள். கதிர்வீச்சின்போது ஏற்படக்கூடிய பக்கவிளைவுகள் என்று தலைப்புப் போட்டு ஏழு எழுதியிருந்தது. அடிக்கடி சிறுநீர், அடக்கமுடியாத அவசரம், எரிச்சல், வயிற்றுப்போக்கு, வாயு, உடல்சோர்வு. ஏழாவது தாம்பத்தியத்தில் தளர்ச்சி. நான் தாளைப் பார்க்கிறேன், தெருவைப் பார்க்கிறேன், தாளைப் பார்க்கிறேன்.

“மதினி, கிட்னியில கல்லுக்கா இதெல்லாம்?”

மதினி மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல் அழுதாள், வெளியே ஆள் நின்றார்கள். “கல்லு இல்லட்டி. புத்து. அந்த இடத்துல. யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ.”

“இதுல அண்ணாச்சிக்கு எதெது இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு. நல்லா சாப்பிடுதாவ, நல்லா உறங்குதாவ, அஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கத்தான் எந்திரிச்சுப் போறாவ. ஆஸ்பத்திரியில கூட இருக்கவங்க எல்லாம் தவிச்சுப் போயி உக்காந்திருக்காங்க, இவுக மட்டும் கண்டக்டர் மாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயா போயி எறங்குத எடம் கேட்டுக்கிட்டு இருக்காவ.”

திங்கள்கிழமை பாட்டிலை நிரப்பிக் கொடுத்தது ஹெட்மாஸ்டர். செவ்வாய்க்கிழமை கடைப்பானையிலிருந்து ஊற்றிக் கொடுத்தது பாய். புதன்கிழமை செல்லக்கனி. வியாழக்கிழமை கடை திறக்க வந்த நான், என் கையாலேயே, வாய்வரைக்கும், சிந்தாமல். ஊற்றிக் கொடுத்தவர்களுக்கே வந்திருக்கிறது என்று கோமதி மதினியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை, நானும் படவில்லை, அப்படியா என்றாள், அப்படித்தான் என்றேன், சாயந்தரத்துக்குள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். பிளீச்சிங் பவுடரில் நடந்து நடந்து என் செருப்பு வெளுத்துப்போனது, சொல்லாமல் என்ன செய்ய? காரணம் என்னவென்று கேட்டவர்களுக்குப் பூசாரிதான் பதில் சொன்னார்: கரண்டு ஆரம்பிக்கிற அன்று மதினி அர்ச்சனைக்கு வந்தாளாம், யார் பேருக்கு என்று கேட்டதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு புருசன் பேரைச் சொல்லாமல், பொதுவாக, தெருவில் உள்ளவங்க எல்லாருக்கும் என்று சொல்லிவிட்டாளாம், அம்மன் சொன்னபடி செய்துவிட்டது. போதுமான காரணமாக இருந்ததால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

புற்று என்று தெரிந்ததும் ஆர்லிக்ஸும் ஆரஞ்சுமாகக் கூட்டம் வந்தது. வந்து பார்த்தால் நோயாளி திடகாத்திரமாக உட்கார்ந்து அவித்த கடலை தின்றுகொண்டிருக்கிறார், பார்க்க வந்தவர்கள்தான் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அண்ணாச்சி கூனிக்குறுகிப் போனார். ஒருவர் கொடுத்த ஆர்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனார், ஹெட்மாஸ்டர் அதைப் பாய்க்குக் கொடுத்தனுப்பினார், பாய் செல்லக்கனிக்குக் கொடுத்தார், ஒரு வாரத்தில் அந்த ஆர்லிக்ஸ் தெருவைச் சுற்றி அண்ணாச்சி வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

“என்ன மன்னிச்சிரும் சார்,” என்று ஹெட்மாஸ்டர் வீட்டுக் கக்கூஸ் கதவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார் அண்ணாச்சி.

“மன்னிப்பு கிடக்கட்டும்வே,” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “இன்னிக்கு என்ன பதினாறாவது நாளா? கரெக்டா போயிட்டு வாரும். லீவு போடக்கூடாது.”

இனிமேல் யாரிடமும் பாட்டிலை நீட்டவேண்டாம், நானே நிரப்பித் தருகிறேன் என்று கோமதி மதினி சொன்னாள். தன் புருசனுக்குத் தான் ஊற்றுவது, அதில் யார் குறுக்கே வரமுடியும்? எட்டு நாள் ஊற்றினாள். மற்றவர்களுக்கு ஒன்றிரண்டாக வந்தது அவளுக்கு மொத்தமாக வந்தது, ஓடினாள், எரிந்தது, வயிறு உப்பியது, வாயிற்படியைத் தாண்டமுடியாமல் சோர்ந்து நடுவீட்டில் படுத்தாள். நாற்பத்திரண்டு வருசத்தில் பகலில் அவள் படுத்து யாரும் பார்த்ததில்லை. அண்ணாச்சி அடுக்களை வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகவும் தெரியாமல், திரும்பி வரவும் மனசில்லாமல், கஞ்சி வைக்கிறது எப்படி என்று என்னிடம் போனில் கேட்டார்.

இருபத்துநாலாம் நாளுக்கு அப்புறம் அவர் போகவில்லை. இருபத்தைந்தாம் நாள் காலையில் ஏழு மணி பஸ் தெருமுக்கில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சனி ஞாயிறு கழிந்து திங்கட்கிழமையும் போகவில்லை. நானும் செல்லக்கனியும் ஓடிப்போய்க் கேட்டோம்.

“போகமாட்டேன்,” என்றார். “என் டிக்கெட்டுல ஊரான் ஏறப்படாது. முப்பத்தொரு வருசம் அப்படி ஒருத்தர ஏத்தினதில்ல.”

“பாதியில நிறுத்தினா வச்ச கரண்டு அம்புட்டும் வீணாப் போயிரும்னு டாக்டர் சொல்லலையா?” மதினி படுத்தவாக்கிலேயே கத்தினாள். “செத்துப் போவீக, கேட்டுக்கோங்க. செத்துப் போவீக.”

“போனா நான் ஒருத்தன் போறேன்.”

மதினி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செல்லக்கனி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள், நேராகக் கோயிலுக்குப் போய் மணியை அடித்தாள், தீப்பிடித்தால் அடிக்கிற மாதிரி அடித்தாள்.

கோயில் மண்டபத்தில் தெருக்கூட்டம் கூடியது. மூன்றாம் நாளும் போகாமலிருந்தால் ஆஸ்பத்திரியில் பேரை எடுத்துவிடுவார்களோ என்னவோ, இந்தப் பிடிவாதக்காரனை எப்படி பஸ் ஏற்றுவது என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். கோயம்புத்தூர் மாப்பிள்ளையை வரவழைத்துத் தூக்கிப் போகலாம் என்றார்கள், மெஷினில் ஆடாமல் படுக்கவேண்டுமே என்றார்கள். அப்போது குற்றாலிங்கம் எழுந்தார். எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறவர், கோயில் தர்மகர்த்தா, தெருவில் பெரிய வீடு, கூட்டத்தில் தன்னை முதலில் பேசவிடாவிட்டால் சாப்பாடு இறங்காது.

“நான் ஒண்ணு கேக்கேன். ஹெட்மாஸ்டர் ஊத்தினாரு, பாய் ஊத்தினாரு, ஜெராக்ஸ் கடைக்காரி ஊத்திருக்கா. ஆவுடையப்பன் எங்க வீட்டு வாசல்ல ஒரு நாளாவது பாட்டில நீட்டினாரா? எங்க வீட்டுத் தண்ணி என்ன உப்பா? இந்தத் தெருவுல எங்களுக்கு முறை இல்லையா?”

அடப் பாவி மனுசா என்று நான் வாயைத் திறப்பதற்குள் மண்டபம் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. எங்கள் வீட்டில் நீட்டவில்லை, எங்கள் வீட்டிலும் நீட்டவில்லை, அந்தக் காலத்தில் என் மாமனார் இருக்கையில் இப்படி ஓரவஞ்சனை உண்டா என்று ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். எங்கள் தெருவுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் முறை தெரியும். அம்மன் கொடைத் திருவிழாவில் பத்து நாளும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டு மண்டகப்படி, அந்த நாள் அந்த வீட்டுக்காரர்தான் அம்மனுக்கு எல்லாம் செய்யவேண்டும், விட்டுக் கொடுத்தால் வம்சத்துக்கே அவமானம். அப்புறம் பாக்கி பதிமூன்று நாளில் பன்னிரண்டைப் பன்னிரண்டு வீட்டுக்கும் கடைசி நாளைக் கோயில் பொதுவுக்கும் பிரிப்பது அரைமணி நேர வேலைதான். ஹெட்மாஸ்டர் எழுதினார், நான் முப்பது காப்பி எடுத்தேன்.

எல்லாருமாகத் திரண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். கெஞ்சுவதற்கு வருகிறார்கள் என்று நினைத்து அவர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றாலிங்கம் தாளை அவர் மடியில் போட்டார்.

“நாளைக்கு எங்க மண்டகப்படி. நீரு போகலன்னா எங்க முறைய மறுத்ததா அர்த்தம். நான் கோர்ட்டுக்குப் போவேன்.”

“குற்றாலிங்கம், இது சீக்கு வே. சாமி இல்ல.”

“அத நீரு சொல்லப்படாது. தெரு சொல்லணும்.”

“ஒமக்கு மூத்திரம் போகவிடாம எரியும்வே. பத்து நாளைக்கு எரியும். நான் மனுசனா, ஒம்மள எரிய விட்டுட்டு அங்க போயிப் படுக்க?”

“எங்க முறை, நாங்க எரியுதோம். ஒமக்கு என்ன?”

அண்ணாச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது ஒருத்தர் இரக்கப்பட்டு நின்றிருந்தால் அவர் வீராப்பாக மறுத்திருப்பார், அதற்கு அவர் தயாராக இருந்தார். எல்லா முகத்திலும் கோபம்தான் இருந்தது. படுக்கையிலிருந்து மதினி, “போங்க,” என்றாள். “நாளைக்கு அவுக மண்டகப்படியாம்ல, போங்க.” அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார், துண்டுக்குள்ளிருந்து சரி என்று சத்தம் வந்தது.

எண்ணெய்ச் செக்கு மண்டகப்படிக்கு நாதஸ்வரம் வந்தது. குற்றாலிங்கம் பட்டுவேட்டி கட்டி, வெள்ளிக்குடத்திலிருந்து தன் கையாலேயே அரை லிட்டர் தண்ணீரை பாட்டிலில் ஊற்ற, பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிவந்து திருநீறு பூசிக்கொண்டார். பதினோரு மணிக்கு முதல் அவசரம் வந்ததும் வீட்டில் குலவை போட்டார்கள். மறுநாள் பூக்கட்டுகிற வீட்டு மண்டகப்படி, பாட்டிலுக்கு மல்லிகைச் சரம் சுற்றி அனுப்பினார்கள், அதற்கு மறுநாள் வக்கீல் குமாஸ்தா வீடு, அதற்கு மறுநாள் பள்ளிவாசல் பக்கத்து வீடுகள் தங்களுக்கும் தெருவில் பாத்தியதை உண்டு என்று பாய் மூலமாகச் சொல்லியனுப்பி ஒரு நாள் வாங்கிக்கொண்டு நன்னாரி போட்ட தண்ணீராகக் கொடுத்தார்கள், சனி ஞாயிறு மெஷினுக்கு லீவு என்பதால் அம்மனுக்கு மட்டும் பூசை நடந்தது. டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்கள்: எங்களுக்கு இருபத்திரண்டு தடவை, உங்களுக்கு எத்தனை? எங்க சித்தப்பாவுக்கு வாயு மட்டும்தான் வந்தது, ஆனால் அசலூர்க்காரன் எழுந்து போகிற அளவுக்கு வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட மாப்பிள்ளை வீட்டுக்கு எந்த நாள் மண்டகப்படி என்று விசாரித்துவிட்டுத்தான் காப்பியைத் தொட்டார்கள். ஒன்றுமே வராத ஒரு வீட்டுக்காரர் மானத்துக்குப் பயந்து நாள்பூராவும் சும்மா சும்மா கக்கூசுக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார், எனக்கு அவர் யார் என்று தெரியும், சொல்லமாட்டேன். தாளில் ஏழாவதாக எழுதியிருந்தது எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று மட்டும் ஒரு ஆம்பளையும் வாய் திறக்கவில்லை. ரெண்டு மூன்று மதினிமார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்ததை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

கோமதி மதினி எழுந்து நடமாட ஆரம்பித்தாள். அண்ணாச்சிதான் நாளுக்கு நாள் பேச்சில்லாமல் ஆனார். ஒருநாள் கடை வாசலில் நின்று, “உலகு, எனக்கு ஒண்ணுமே செய்யலட்டி,” என்றார். நல்லதுதானே அண்ணாச்சி என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் முகத்தில் இருந்தது எனக்கு அப்போது விளங்கவில்லை, விளங்கியிருந்தால் ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருப்பேன்.

முப்பத்தேழாம் நாளுக்குத்தான் அடிதடி. கடைசி நாள் என்றால் தேர்நாள் மாதிரி, யாருக்குக் கிடைத்தாலும் நூறு வருசத்துக்குப் பேர் சொல்லும். எழுதிய தாளில் அது கோயில் பொது என்று இருந்தது. பொது என்றால் தர்மகர்த்தா என்கிற முறையில் எனக்கு என்றார் குற்றாலிங்கம், ஏற்கெனவே ஒருதரம் வாங்கியாயிற்று, வாயை மூடும் என்றார் பூசாரி, முதல்முதலில் ஓடியவன் என்ற மரியாதையில் எனக்கே என்றார் ஹெட்மாஸ்டர். காலை ஆறரைக்கு மூன்று பேரும் மூன்று குடத்தோடு அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றார்கள், மூன்று பேருக்கும் ஆள் சேர்ந்தது, ஒரு மேளமும் வந்து யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் நின்றது. பஸ் வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். குடத்தோடு குடம் முட்டித் தண்ணீர் என் சேலையெல்லாம் ஆயிற்று.

உள்ளே அண்ணாச்சியின் சத்தம் கேட்டது.

“கோமதி, பானை எங்க இருக்கு?”

“என்ன பானை?”

“தண்ணிப் பானை.”

“எதுக்கு? நான் எடுத்துத் தாரேன், நீங்க அங்கனயே இருங்க—”

“நீ எடுக்காத. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு.”

மதினி பயந்துபோய் வெளியே எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம். அண்ணாச்சி அடுக்களைக்குள் நுழைந்தார். கீழே பார்த்தார், மேலே பரணைப் பார்த்தார், அரிசி டின்னைத் திறந்து மூடினார், கடைசியில் ஜன்னலுக்கு அடியில் இருந்த பானையைக் கண்டுபிடித்தார், மூடியை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், செம்பை முக்கி எடுத்து பாட்டில் வாயில் ஊற்றினார், பாதி தரையில் போனது, மறுபடியும் முக்கினார், மறுபடியும் ஊற்றினார். ஹெட்மாஸ்டருக்கு வேறொருவர் அவசரம் வந்ததை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர்கள். டெய்லர் மூன்று நாள் தூங்கியதை, செக்குக்காரர் இன்னொருவருக்காக எரிந்ததை, எல்லாவற்றையும் அப்படியா என்று கேட்டுக்கொண்டவர்கள். ஆவுடையப்பன் அண்ணாச்சி தன் கையால் தண்ணீர் மோந்து ஊற்றியதைப் பார்த்து வாய் பிளந்து நின்றோம். பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எம்மா, இது நெசந்தானா,” என்று செல்லக்கனி என் தோளைக் கிள்ளினாள். இத்தனை நாளும் இந்த வழி எங்களில் ஒருத்தருக்கும், எனக்கும்கூட, தோன்றவே இல்லை.

நனைந்த வேட்டியோடு அண்ணாச்சி வெளியே வந்தார். மூன்று குடக்காரர்களும் விலகி வழிவிட்டார்கள்.

“கடேசி டிக்கெட் எனக்குவே,” என்றார். பஸ் ஏறினார்.

மத்தியானம் ஒன்றரை மணி பஸ்ஸுக்கு ஒரு வீடு பாக்கியில்லாமல் தெருமுக்கில் நின்றோம். கோமதி மதினி என் கடைக்குள் உட்கார்ந்திருந்தாள். பஸ் வந்து நிற்பதற்கு முன்னாலேயே அண்ணாச்சி குதித்தார், கண்டக்டர் குதிக்கிற மாதிரி, ஓடுகிற திசையில் கால் வைத்துக் குதித்து, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அறுபத்தேழு வயசு மனுசன், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்.

“வந்துட்டு! வந்துட்டு! வழி விடுங்கடே!”

மேளக்காரர்கள் கேட்காமலேயே அடித்தார்கள். குலவை போட்டார்கள், ஹெட்மாஸ்டர் கைதட்டினார், குற்றாலிங்கம் பெண் வீட்டுக்காரர் மாதிரி முன்னே ஓடி வாசல்கதவைத் திறந்துவிட்டார். கொல்லைப்புறக் கக்கூஸ் கதவு படீரென்று சாத்தியது. தெரு மொத்தமும் கொல்லையில் நின்றது, சந்தில் நின்றது, மதில்மேல் நின்றது. உள்ளே ஒரு அலறல் கேட்டது. மேளம் நின்றது.

மதினி கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னங்க.”

“எரியுதுட்டி. கோமதி, தீயா எரியுது.”

“எரியும். எனக்கும் எரிஞ்சுதுல்லா. கொஞ்சம் கொஞ்சமா விடுங்க.”

அப்புறம் அவர் பேசினார், அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. “கோமதி, நான் செத்துருவேன்னு நெனச்சேன். முதல் நாள்லருந்து. அந்த மெஷினுல தனியாப் போட்டுட்டு எல்லாரும் வெளிய போயிக் கதவ அடச்சிருவாங்க. தெனமும் அதுக்குள்ள கெடந்து செத்துருவேன், செத்துருவேன்னே கெடந்தேன். எப்படிச் சொல்ல? ஊரே எனக்குப் பதிலா ஓடிக்கிட்டுக் கெடக்கு, நான் நோகாம கடல தின்னுக்கிட்டு இருக்கேன். எனக்குப் பயமா இருக்குன்னு எந்த வாயால சொல்ல?”

“எனக்கும் பயந்தாங்க,” என்றாள் மதினி. “நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்.”

உள்ளே அவர் அழ ஆரம்பித்தார். பெரிய சத்தமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார், மதினி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள், மதில்மேல் இருந்தவர்கள்கூட அழுதார்கள், நான் அழுதேன், பக்கத்தில் நின்ற பூசாரியின் மேல்துண்டிலேயே மூக்கைச் சிந்தினேன். ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, புருசன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் நமக்கு என்ன வேலை, எல்லாரும் நடையைக் கட்டுங்கள் என்று கையை ஆட்டினார். நாலு பேர் திரும்பினார்கள்.

குற்றாலிங்கம் மட்டும் கதவுப் பக்கம் ஓரடி வைத்து, அவருக்கு அவ்வளவு மெதுவாகப் பேசவரும் என்று எனக்குத் தெரியாது, கேட்டார்.

“அண்ணாச்சி, ஒத்தையிலயே தாங்கிருவீரா?”

“தாங்கிருவேன்வே,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மறுபடியும் ஒரு முனகல், மறுபடியும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். “ஆனா யாரும் போயிராதிய.”

திரும்பிய நாலு பேரும் வந்து பழைய இடத்தில் நின்றார்கள். செல்லக்கனி வெயில் என்று சொல்லித் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அப்படியே துவைகல்லில் உட்கார்ந்தாள், நானும் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.